மஞ்சள் கோட்டின் இந்தப் பக்கம்

அந்தக் கிழவி கையை உயர்த்தினாளா, அல்லது ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பிய வேகத்தில் கை தானாக மேலே வந்துவிட்டதா? பரமகுருவுக்கு இது தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. உயர்த்தினாள் என்றால் திட்டியிருக்கிறாள், திட்டினாள் என்றால் தெம்பாக இருக்கிறாள், தெம்பாக இருக்கிறவளை நினைத்து ஒருத்தன் இப்படிக் குமைந்துகொண்டு வண்டி ஓட்ட வேண்டியதில்லை. தானாக வந்த கை என்றால், அதற்குமேல் மனசு போகாது. அந்த இடம் வந்ததும் சண்டி மாடு மாதிரி நின்றுகொள்ளும், பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்கும்: நீலக் கார், வெள்ளைத் தலை, கை. பக்கத்து சீட்டில் அவன் மாமனார் திருமலைக்கொழுந்து, போனை வாய்க்கு நேரே தட்டையாகப் பிடித்துக்கொண்டு, திருநெல்வேலியில் இருக்கும் தன் அண்ணனுக்குக் குரல் செய்தி பதிந்துகொண்டிருந்தார். பாலைவனத்தில் சிக்னல் இல்லை. இல்லாவிட்டால் என்ன, கிடைக்கும்போது தானாகப் போய்ச் சேரட்டும் என்று பேசினார். “அண்ணாச்சி, இப்பம் பாலைவனத்துல போய்க்கிட்டிருக்கோம். அறுபத்தாறாம் நம்பர் ரோடாம். நம்ம மங்கம்மா சாலை கணக்கா இவங்களுக்கு இது பழைய ரோடு. ஈ காக்கா கெடையாது. திடீர்னு ஒரு வெள்ளைக்காரக் கெழவி, நீலக் காரு, நமக்கு நேர் எதிர்க்க, நம்ம பக்கத்துலயே வாரா! ராங் சைடு! மாப்பிள்ளை அசரலியே. லைட்டைப் போட்டுப் போட்டு எடுத்தாரு, ஹாரனை அமுக்குனாரு, ஒரு இஞ்சு வெலகல. கடைசியில அவதான் வெலகி மண்ணுக்குள்ள எறங்குனா. நாம வெலகியிருந்தா நாம எறங்கியிருப்போம். ரூல்ஸு ரூல்ஸுன்னு பீத்திக்கிடுதானுவ, இதான் லட்சணம்.” இதில் எல்லாம் உண்மை. பக்கம் ஒன்றுதான் மாறிவிட்டது.

பக்கம் மாறியது அவர்களுடையது. பூட்டிக் கிடந்த ஒரு பெட்ரோல் பங்க்குக்கு முன்னால், ரோட்டின் மேலேயே வெள்ளைப் பெயிண்டில் அறுபத்தாறு என்று பெரிதாக எழுதியிருந்தது. அதன்மேல் நின்று படம் எடுத்துக்கொள்ள உலகமெங்கும் இருந்து ஆட்கள் வருவார்களாம். மாமனார் நின்றார், அவர் மகளும் இவன் மனைவியுமான ஆவுடை நின்றாள், மாமனாரும் மாப்பிள்ளையும் தோள்மேல் கை போட்டு நின்றார்கள். நடுரோட்டில் சாவகாசமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற அளவுக்கு வெறிச்சோடிய ரோடு. பிறகு பரமகுரு பங்க்கிலிருந்து வண்டியை எடுத்தான், ரோட்டில் ஏற்றினான், இடது பக்கம் பிடித்துப் போனான். அவ்வளவுதான். யோசிக்கவில்லை. அமெரிக்காவுக்கு வந்து இத்தனை வருஷமாக வலது பக்கம் ஓட்டியதெல்லாம் முன்னால் போகிற வண்டியைப் பார்த்து ஓட்டியதுதான் போலிருக்கிறது. முன்னால் ஒருத்தரும் இல்லை என்றதும் கை பாட்டுக்கு ஊருக்குப் போய்விட்டது. அதைவிடக் கேவலம், அது சுகமாக இருந்தது. இப்போது நினைத்தாலும் காது மடல் சுடுகிறது: பாலைவன ரோடு என்ன லேசா இருக்கு மாமா, கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம், என்று சொன்னானே! மாமனாரும் ஆமாமா என்றாரே! அந்த ரோடு மேடும் பள்ளமுமாக, காட்டாறு குறுக்கே ஓடுகிற இடமெல்லாம் குழிந்து குழிந்து எழும்பும். ஒரு பள்ளத்திலிருந்து நீலக் கார் முளைத்தது. நேர் எதிரே. பரமகுருவின் மனசில் அப்போது ஒரு துளி சந்தேகம், துளி, வந்திருந்தால் போதும். வரவில்லை. வந்தது கோபம். எதிரே வருகிறவன்தான் தப்பு என்று அடிவயிற்றிலிருந்து கிளம்பிய கோபம். விளக்கை மின்ன மின்னப் போட்டான், ஹாரன்மேல் உள்ளங்கையை வைத்து எடுக்காமல் அமுக்கினான், “கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு!” என்று கண்ணாடிக்குள் கத்தினான். நீலக் கார் கடைசி நொடியில் முழுசாக ஒடித்துத் திரும்பி, ரோட்டோரத்து மண்மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. பின்கண்ணாடியில் புழுதி. புழுதிக்கு உள்ளே என்ன என்று தெரியவில்லை. சரியாக நின்றுவிட்டேன் என்று ஒரு நெஞ்சு நிமிர்வு வந்ததே அவனுக்கு, அதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது.

பிறகு ஒரு போர்டு வந்தது. அவன் ஜன்னலை ஒட்டி, வெறும் சாம்பல் தகரம், எழுத்தே இல்லாமல். என்ன போர்டு இது, எழுத மறந்துவிட்டானா என்று நினைத்தான். அடுத்ததும் அப்படியே. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற போர்டுகள். எழுத்தெல்லாம் எதிர்ப்பக்கம், எதிரே வருகிறவர்களுக்காக எழுதப்பட்டது. வெயிலில் வெளுத்து, அங்கங்கே அழிந்துபோன மஞ்சள் கோடு மாமனாரின் காலடிப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. அவன் இடது கைப்பக்கம் ஓட வேண்டிய கோடு. அவன் செய்ததை இங்கே நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இனி லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேரும்வரை அவனும் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கப்போகிறான். பதறித் திருப்பவில்லை. ஐயோ என்று வாய் திறக்கவில்லை. ஒரு வளைவு வருகிறவரை காத்திருந்தான். வளைவு வந்ததும் வளைவோடு வளைவாக, தூங்குகிற பிள்ளையின் தொட்டிலை நகர்த்துகிற மாதிரி, வண்டியை மெல்ல வலது பக்கம் நகர்த்திக்கொண்டான். மாமனாருக்குத் தெரியவில்லை, அவர் அண்ணாச்சி அண்ணாச்சி என்று போனை விரலால் குத்திக்கொண்டிருந்தார். பின்சீட்டில் ஆவுடை ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது பக்கம் போனது கை செய்த பிசகு, யாருக்கும் வரும். வளைவுக்காகக் காத்திருந்தது அவன் செய்தது.

திரும்பு, இப்போதே திரும்பு. காலி ரோடு, ஒரே வெட்டில் திருப்பிவிடலாம், ஐந்து நிமிஷத்தில் அங்கே இருக்கலாம். இதைச் சொல்லிக்கொண்டே அவன் கால் ஆக்சிலேட்டரிலிருந்து எழும்பவில்லை. என்ன சொல்லித் திருப்புவது? மாமா, அந்தக் கெழவிக்கு என்ன ஆச்சுன்னு பாத்துட்டு வருவோம்: இப்படிச் சொல்லலாமே, இது மனிதாபிமானமாக இருக்குமே, தப்பு யாருடையது என்ற பேச்சே எழாதே? எழும். அங்கே போய் நின்றதும் அவள் சொல்வாள், நீ வந்த பக்கத்தைப் பார் என்று. மாமனாருக்கு இங்கிலீஷ் புரியும். மின்வாரியத்தில் கணக்கதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை, ஆனால் ஓட்டத் தெரிந்தவனையும் தெரியாதவனையும் பத்தடி போவதற்குள் எடை போட்டுவிடுவார். இவனை எடை போட்டது கல்யாணமான புதுசில். மறுவீட்டுக்குப் போயிருந்தபோது புதுக் காரின் சாவியை அவரே எடுத்துக் கையில் கொடுத்து, குற்றாலத்துக்குப் போயிட்டு வருவோம் மாப்பிள்ளை என்றார். பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்றது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்த பதற்றத்தில் வண்டி பின்னோக்கி உருண்டு ஒரு மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தில் முட்டியது. மோட்டார் சைக்கிள்காரன் மாப்பிள்ளை என்றெல்லாம் பார்க்கவில்லை, வாயில் வந்ததைச் சொன்னான். மாமனார் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இறங்கிப் போய் அவனைச் சமாதானம் செய்துவிட்டு வந்தார். மறுநாள் காலையில் வாசலில் ஒரு ஆள் இஸ்திரி போட்ட சட்டையோடு கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றான். ஆக்டிங் டிரைவர். ஒரு நாள் வாடகைக்கு வந்து, அடுத்தவர் வண்டியை ஓட்டிவிட்டுப் போகிறவன். “நீங்க பின்னால ஹாயா சாஞ்சு வாங்க மாப்பிள்ளை, நம்ம செண்பகராஜ் ஓட்டட்டும்.” அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவுக்கும், தூத்துக்குடி விமானத்திலிருந்து இவர்கள் இறங்குவதற்கு முன்பே செண்பகராஜ் வாசலில் வந்து நின்றான். யாரும் எதுவும் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதில் மாமனார் மன்னன். பரமகுரு பின்சீட்டில் ஹாயாகச் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஊரெல்லாம் போய் வந்தான். இன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த வாயிலிருந்து வந்தது: ஒரு இஞ்சு வெலகல. அந்த ஒரு இஞ்சை எப்படித் திருப்பிக் கொடுப்பான்?

வெளியே நூற்றுப் பத்து டிகிரி என்று வண்டியின் திரை காட்டிக்கொண்டிருந்தது. அந்த எண்ணை அவன் பார்க்காமல் இருக்க முயன்றான், எண் பெரிதாகிக்கொண்டே போவது போலிருந்தது. அவளிடம் தண்ணீர் இருக்கும். பாலைவனத்து ஆட்கள் தண்ணீர் இல்லாமல் கிளம்ப மாட்டார்கள், இது அவர்கள் ஊர். கார் கவிழ்ந்ததா? கவிழவில்லை, கவிழ்ந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். ஹாரனை அமுக்கிக்கொண்டே போனவனுக்கு எந்தச் சத்தம் கேட்டிருக்கும்? பக்கத்தில் இன்னொருத்தர் இருந்தாரா? தொப்பி ஒன்று தெரிந்தது போலிருக்கிறது. தொப்பியா, சீட்டின் தலைச்சாய்வா. பின்னால் வேறு வண்டி வரும், வந்து தூக்கிவிடும். வருமா? கொஞ்ச தூரத்தில் ரோட்டின் குறுக்கே தடுப்பு வைத்திருந்தார்கள். பழைய மரப் பாலங்களை வெள்ளம் அரித்துவிட்டது, இதற்குமேல் பாதை இல்லை, மாற்றுவழி என்று அம்புக்குறி. அந்த அம்பு அவர்களை வடக்கே, பெரிய சாலைக்குத் தள்ளிவிட்டது. ஆக, இந்த ரோட்டில் நேரே போகிறவர்கள் இல்லை, வழிதப்பியவர்களும் படம் எடுக்க வருகிறவர்களும்தான். அந்த நீலக் கார் வந்ததே பெரிசு. ரோட்டுக்கு இணையாகத் தூரத்தில் ஒரு சரக்கு ரயில், முடிவே இல்லாமல், பெட்டிக்கு மேல் பெட்டி அடுக்கிக்கொண்டு போனது. என்ஜின்காரன் பார்த்திருப்பான், மேலேயிருந்து நன்றாகத் தெரியும், பார்த்திருப்பான் என்று அவன் அந்த ரயிலைப் பிடித்துக் கெஞ்சாத குறை. சிக்னல் இல்லையே, இருந்தால் இந்நேரம் போலீசுக்குச் சொல்லியிருப்பேனே என்று தனக்குத்தானே ஒரு நியாயத்தைச் சொல்லிக்கொண்டான். அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் வண்டி ஓட்டினான்.

அந்த நியாயம் பெரிய சாலையில் ஏறிய கொஞ்ச நேரத்தில் செத்தது. மாமனாரின் போன் டிங், டிங், டிங் என்று குதித்தது. பதிந்து வைத்த செய்தியெல்லாம் ஒரே மூச்சில் ஊருக்குப் புறப்பட்டுப் போயிற்று. இனி எடுத்து அழைத்தால் போதும், மூன்று எண். பரமகுரு அந்த மூன்று எண்ணையும் மனசுக்குள் அழுத்திப் பார்த்தான். அழுத்தினால் கேட்பார்கள். பெயர் என்ன, எந்த நாட்டுக்காரர், நிறுத்தாமல் ஏன் போனீர். நிறுத்தாமல் போனதற்கு இங்கே தனிச் சட்டம் உண்டு. குடியுரிமைக் காகிதம் இன்னும் பரிசீலனையில் கிடக்கிறது, அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட்டால்? வெளிநாட்டில் பிழைக்கிறவனுக்கு இந்தப் பயம் எந்நேரமும் சட்டைப்பையிலேயே இருக்கும், எடுத்துக் காட்ட வேண்டியதுதான். ஆனால் அது உண்மையான காரணம் இல்லை என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. உண்மையான காரணம் பக்கத்து சீட்டில் பொட்டுக்கடலை மென்றுகொண்டிருந்தது. ஊரில் விடிகிற நேரம். அண்ணாச்சியின் பதில் வந்துவிட்டது, மாமனார் அதைச் சத்தமாக வைத்தார். “லேய் கொழுந்து, மாப்பிள்ளைக்கு நான் ஒரு சபாஷ் சொன்னேன்னு சொல்லு. பதறாம நின்னாம் பாரு, அதான் ஆம்பளை. நம்ம செண்பகராஜ் கூட வெலகியிருப்பான்.” மாமனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். செண்பகராஜ் கூட! ஏழு வருஷம் இந்தச் சொல்லுக்காகத் தவம் கிடந்தவன் மாதிரி, பரமகுருவின் உடம்பு ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அதைக் குடித்தது. குடித்ததும் ஓங்கரித்தது. “அப்படியெல்லாம் இல்ல மாமா” என்றான். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான், அது மட்டும்தான் வெளியே வந்தது. “பாத்தியா ஆவுடை, எம்புட்டு அடக்கம்!” என்று மாமனார் பின்னால் திரும்பி மகளிடம் சொன்னார். இதற்குமேல் ஒருத்தன் என்னதான் செய்வான். கண்ணாடியில் ஆவுடையின் கண் ஒருதரம் இவனைத் தொட்டுவிட்டுப் போனது. வழக்கம்போலத்தான் பார்த்தாள், ஆனால் அவனுக்கு முதுகு கூசியது.

மலை வந்தது. பாலைவனம் முடிகிற இடத்தில் ரோடு கணவாய்க்குள் சரிந்து இறங்கும், அந்தப் பக்கம்தான் நகரம். காற்று பலமாக அடிக்கிறது, உயரமான வண்டிகள் எச்சரிக்கை என்று மின்பலகை கண்ணைச் சிமிட்டியது. காற்று உண்மையிலேயே வண்டியைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளியது, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. கீழேயிருந்து கடல்மூட்டம் ஏறி வந்து மலையை மூடிக்கொண்டது. முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்குகள் மட்டும் மிதந்தன. பரமகுரு தன் வாழ்நாளில் இல்லாத ஒழுங்கோடு ஓட்டினான். கோட்டுக்குள், வேக அளவுக்குள், இடைவெளி விட்டு, திரும்பும் முன்பே சைகை காட்டி. பின்னால் வந்தவர்கள் பொறுமையிழந்து சுற்றிக்கொண்டு முந்திப் போனார்கள். இப்போது ஒழுங்காக ஓட்டி யாருக்கு என்ன லாபம் என்று அவனுக்கே சிரிப்பு வந்தது, சிரிக்கவும் வெட்கமாக இருந்தது. இந்த மூட்டத்தில் எதிரே ஒருத்தன் என் பக்கத்தில் வந்தால் நான் என்ன செய்வேன்? விலகுவேன். அவளும் அதைத்தான் செய்தாள். சரியான பக்கத்தில் வந்தவள், முழு உரிமையோடு வந்தவள், விலகினாள். அவள் மட்டும் என்னைப் போல ஒரு இஞ்சு விலகாமல் நின்றிருந்தால்? மாமனார் உட்கார்ந்திருந்த முன்பக்கம்தான் நேரே போய் இடித்திருக்கும். இது அவனுக்கு இப்போதுதான், மூட்டத்துக்குள், பட்டென்று விளங்கியது. அவனுக்கு இந்த மாமனாரை உயிரோடு விட்டுவைத்தது அவள்தான். திரும்பிப் பார்த்தான். மாமனார் வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பொட்டுக்கடலைப் பொட்டலம் மடியில் கிடந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிடும் போலிருந்தது, ரோட்டைப் பார்த்துக்கொண்டான்.

நகரத்துக்குள் அதே பழைய ரோட்டின் வால் இருக்கிறது. குறுகலான தடங்கள், கார்கள் மெதுவாகப் போன காலத்தில் போட்ட வளைவுகள், பக்கத்திலிருந்து வண்டிகள் நின்று நின்று பயந்து பயந்து ஏறும். சாயங்கால நெரிசல். எல்லாரும் நின்றுவிட்டார்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவப்பு விளக்கு. ஒரு சின்னக் கார் ஓரத்திலிருந்து உள்ளே நுழையப் பார்த்தது, பரமகுரு நின்று வழிவிட்டான். உள்ளே இருந்த பெண் கையை உயர்த்தி நன்றி சொன்னாள். ஐந்து விரலும் விரிந்த கை. இவனுக்கு உடனே மறுபடி அந்தக் கை: உயர்த்தினாளா, தானாக வந்ததா? இங்கே இருட்ட இன்னும் நேரம் இருக்கிறது. அங்கேயும் இருக்கும். பாலைவனத்தில் வெயில் இறங்கினாலும் மண் ஆறாது. வீட்டுக்குப் போனதும் போன் செய்வேன். மாமனார் குளிக்கப் போனதும், பால்கனிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு. யாரோ ஒரு காரைப் பார்த்தேன், மண்ணில் இறங்கிக் கிடந்தது என்று சொன்னால் போதுமே, வழிப்போக்கன் மாதிரி. இந்த யோசனை பிறந்ததும் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அதில் நல்ல பெயர்கூடக் கிடைக்கும் என்று எங்கேயோ ஒரு மூலையில் மனசு கணக்குப் போட்டது. சீ என்று சொல்லிக்கொண்டான், சத்தமாகவே சொல்லிவிட்டான் போலிருக்கிறது.

“நாமதான ராங் சைடுல போனோம்” என்றாள் ஆவுடை பின்னாலிருந்து. தாழ்ந்த குரல், அப்பா தூங்குகிறார் என்று. அது கேள்வி இல்லை.

அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. “உனக்கு எப்பத் தெரியும்?”

“அந்தம்மா மண்ணுல எறங்குனப்பவே. லைசென்ஸுக்குப் படிச்சுக்கிட்டிருக்கேன்ல. கோடு அப்பா பக்கத்துல கெடந்துச்சு.”

“பின்ன ஏன் வாயைத் தொறக்கல?”

“அப்பா முன்னால ஒங்களை எப்படிச் சொல்லுவேன்.” முன்சீட்டுப் பக்கம் சாய்ந்தாள். “வளைவுல நீங்க இந்தப் பக்கம் வந்தீங்கள்ல, அப்பமே ஒங்களுக்கும் தெரிஞ்சிருச்சுன்னு தெரியும். நீங்களே வண்டியைத் திருப்புவீங்க, திருப்புவீங்கன்னு பாத்துக்கிட்டே வந்தேன். அந்தம்மா அங்க கெடக்கா, நான் இங்க ஒங்க மரியாதையைக் காப்பாத்திக்கிட்டு வாரேன். எனக்கே என்னைப் பிடிக்கலங்க.”

இத்தனை நேரமும் தான் ஒருத்தன்தான் இதைச் சுமக்கிறோம் என்று நினைத்திருந்தான். வண்டிக்குள் இரண்டு பேர் சுமந்திருக்கிறார்கள், அவள் சுமந்தது அவனுடைய பங்கையும் சேர்த்து. பரமகுரு ஸ்டியரிங்கில் இருந்த பொத்தானை அழுத்தி அவசர எண்ணைச் சொன்னான். முன்னும் பின்னும் அசையாத வண்டிக்குள் மணி அடித்தது. வண்டியில் போன் பேசினால் ஸ்பீக்கரில்தான் கேட்கும், வண்டி முழுக்கக் கேட்கும் என்பது அழுத்திய பிறகுதான் ஞாபகம் வந்தது. மாமனார் விழித்துக்கொண்டார். “என்ன மாப்பிள்ளை, யாரு?” பெண் குரல் ஒன்று கேட்டது, அவன் இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினான்: பழைய அறுபத்தாறில், பூட்டிய பெட்ரோல் பங்க் தாண்டி, மதியத்துக்கு மேல், ஒரு நீலக் கார் மண்ணில் இறங்கியது. வேறொரு அலுவலகத்துக்கு மாற்றினார்கள். இன்னொரு பெண் வந்தாள். விசைப்பலகைச் சத்தம் கேட்டது.

“ஆமாம், பதிவாகியிருக்கிறது. ரயில்பாதைப் பணியாளர்கள் பார்த்து வெளியே எடுத்துவிட்டார்கள். அந்த அம்மா நலம். அவர் கணவரும் நலம், தோளில் கொஞ்சம் அடி.” பிறகு அந்தக் குரல் சட்டென்று மாறியது, பதறியது. “சார், நீங்கள்தானா அந்தச் சாம்பல் நிற வண்டி? உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். அந்த அம்மா உங்களுக்காகத்தான் முதலில் உதவி கேட்டார். விளக்கை மின்னவிட்டு, ஹாரனை எடுக்காமல் அடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் பறந்து போனார்கள், முன்சீட்டில் வயதானவர் ஒருவர் இருந்தார், யாருக்கோ உயிர் போகிற அவசரம், என்னை விடுங்கள், முதலில் அவர்களுக்கு ஆம்புலன்ஸ் அனுப்புங்கள் என்றார். ஆம்புலன்ஸ் உங்களைத் தேடிப் போயிற்று. கிடைக்கவில்லை. அவர் இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டுவிட்டார். அந்தப் பெரியவர் எப்படி இருக்கிறார் சார்? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டீர்களா?”

எதிர்ப்பக்கம் என்ற சொல் மாமனாரின் முகத்தில் போய் நின்றது. அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது, கணக்கதிகாரிக்கு எவ்வளவு நேரம் ஆகும். மெல்லத் தன் வலது கையைத் தூக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டார், நோயாளியைப் போல. உதடு மட்டும் அசைந்தது. “எனக்கு நெஞ்சு வலின்னு சொல்லிருங்க மாப்பிள்ளை. ஒண்ணும் தப்பில்ல.” ஏழு வருஷத்துக்கு முன் இறங்கிப் போய் மோட்டார் சைக்கிள்காரனைச் சமாதானம் செய்தவர் இப்போதும் இறங்கிவிட்டார். அவ்வளவு பிரியமாக அந்தக் கை நெஞ்சில் இருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் போதும். எல்லாருக்கும் நிம்மதி, அந்தக் கிழவிக்கும் நிம்மதி. பரமகுருவுக்கு வெட்கமாக இருந்தது. நிறுத்தாமல் போனதற்கான வெட்கம் இல்லை அது, தன்னை இப்படி நல்லவனாக நினைத்துக்கொண்டு வெயிலில் நின்ற ஒருத்திக்கு முன்னால் வந்த வெட்கம்.

“அவர் நன்றாக இருக்கிறார்” என்றான். “யாருக்கும் ஒன்றும் இல்லை. நான் தப்பான பக்கத்தில் வந்தேன். தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை.”

பிறகு, “சார், மன்னிக்கவும், சத்தம் சரியாக வரவில்லை. திரும்பச் சொல்லுங்கள்” என்றது குரல். கனிவு போய்விட்டிருந்தது. பதிவு செய்கிற குரல். பரமகுரு வாயைத் திறந்தான், வரவில்லை. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். முன்னால் ரோடு கொஞ்சம் நகர்ந்திருந்தது.

மாமனார் நெஞ்சிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நேரே ரோட்டைப் பார்த்தார்.

“சத்தமாச் சொல்லுங்க மாப்பிள்ளை” என்றார். “அவளுக்குக் கேக்கலையாம்.”